செல்வியின் விளக்கு

முக்கூடல்
4.11.2025

அன்புத் தங்கை செல்விக்கு,

அக்கா வடிவு எழுதுவது. தொண்டை கட்டிக் கிடக்கிறது, போனில் பேச்சு வரவில்லை. அதனால் இதை எழுதி உன் அத்தானிடம் கொடுத்துவிடுகிறேன்.

அண்ணன் வீட்டுச் சடங்கில் நம் இரண்டு பேருக்கும் ஒரே காய்ச்சல்தான் தொற்றியது. ஒரே ஆஸ்பத்திரியில்தான் ஆராய்ச்சிக்கும் சேர்ந்தோம். தொண்டைக்குள் நீல வெளிச்சம் அடித்தால் வைரஸ் அடங்குமா என்று பார்க்கிறார்களாம். வீட்டுக்குக் கொடுத்துவிடுவதில் பாதி, ஒப்புக்கு எரிகிற பொய் விளக்கு என்று டாக்டரம்மா சொன்னபோதே எனக்கு வயிறு எரிந்தது. அங்கேயே விளக்கை வைத்துப் பார்த்தபோது உன் கன்னமெல்லாம் நீலமாகத் தெரிந்தது. என்னுடையது சோகை பிடித்த நீலம். நல்லதெல்லாம் உனக்கு, மிச்சம் எனக்கு. பிறந்ததிலிருந்தே அப்படித்தான்.

யாருக்கு முதலில் குணமாகிறதோ அங்கே அம்மாவைக் கொண்டுவிடுவதாக அண்ணன் சொல்கிறான். அவள் உன்னிடம் போய்விட்டால் எனக்குப் பொறுக்காது. நம்பர் பெட்டியில்தான் இருக்கிறது, விளக்கில் இல்லை; மாற்றினாலும் யாருக்கும் தெரியாது. என் விளக்கை அனுப்பியிருக்கிறேன். வாயில் வைக்கிற முனையைக் கழற்றிவிட்டு உன்னுடையதைக் கொடுத்துவிடு.

உன் அக்கா,
வடிவு

அம்பாசமுத்திரம்
5.11.2025

அன்புள்ள அக்காவுக்கு,

யாருக்கு எந்த விளக்கு என்று டாக்டரம்மாவுக்கே தெரியாது. மாற்றினால் அவர்கள் ஆராய்ச்சியே கெட்டுப்போகும் என்று கையெழுத்து வாங்கும்போதே சொன்னார்கள். ஆனால் நீ விடமாட்டாய். அத்தான் வாசலில் நின்றுகொண்டு, "ஒங்க அக்கா என்னைய வீட்டுக்குள்ள விடமாட்டா, எதையாவது குடுத்து விடு செல்வி" என்கிறார். விளக்கு அனுப்பியிருக்கிறேன். உப்புப் போட்டு வெந்நீரில் கொப்பளி.

செல்வி

முக்கூடல்
11.11.2025

செல்விக்கு,

விளக்கென்றால் இதுதான் விளக்கு. முதல் தடவை வைத்தபோதே தொண்டை இளகியது. மறுநாள் காய்ச்சல் இறங்கிவிட்டது. இத்தனை நாள் இதை நீ ஒருத்தியே அனுபவித்திருக்கிறாய்.

ஆனாலும் உனக்குத்தான் முதலில் குணமாம். அண்ணன் அம்மாவை உன்னிடமே கொண்டுவிட்டுவிட்டானாம். என் பொய் விளக்கை வைத்துக்கொண்டும் நீ முந்திவிட்டாய். கேட்டதிலிருந்து சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து அம்மாவைக் கூட்டிப்போகிறேன். அவள் துணிமணியை எடுத்து வை.

வடிவு

அம்பாசமுத்திரம்
12.11.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் எதையும் மாற்றவில்லை. நீ அனுப்பியதையே துடைத்து, வேறு பையில் போட்டு அத்தானிடம் கொடுத்தேன். உன்னைச் சொஸ்தப்படுத்தியது உன் விளக்குதானோ, உன் உடம்புதானோ, எனக்குத் தெரியாது. என்னுடையது என்று நினைத்ததும் அது உனக்கு உசத்தியாகிவிட்டது.

அம்மா விஷயமும் இதுதான். போன வருஷம் அவள் உன் வீட்டில் இருந்தபோது, "எப்பட்டி வந்து கூட்டிட்டுப் போவ?" என்று வாரம் தவறாமல் போன் செய்தாய். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதுதான் செய்தாய். இங்கே இருந்தால்தான் அவள்மேல் உனக்கு ஆசை வருகிறது.

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "நான் போணுமாட்டி?" என்று மட்டும் கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வா. இருந்து சாப்பிட்டுவிட்டுப் போ. கூட்டிப்போக வராதே.

உன் தங்கை,
செல்வி