நீ வைத்த பதினேழு புள்ளிகள்

அன்புள்ள காதர், என்னை வாத்யாரே என்று கூப்பிட இப்போது யாரும் இல்லை.

எனக்குக் கோர்வையாக எழுத வராது என்பது உனக்குத் தெரியும். அதனால் முதலில் பட்டியல்.

1. நூலகத்தில் பார்த்த படம்.
2. நீ வைத்த பதினேழு புள்ளிகள்.
3. அவற்றை நான் அழித்தது முறைப்படி சரியே என்பது.
4. ஞாயிற்றுக்கிழமை விழா, அதில் நான் மாட்டிக்கொண்ட விதம்.

படத்தில் இருப்பது நம் நொதி, காதர். நாம் இருவரும் ஏழு வருடம் மல்லுக்கட்டிய அதே புரதம். வெளிநாட்டில் யாரோ, அது பிடித்து வெட்டுகிற சர்க்கரைச் சங்கிலியையும் சேர்த்தே படிகமாக்கியிருக்கிறார்கள். நம் படத்தில், சங்கிலி வந்து உட்காரும் பள்ளத்தின் ஓரத்தில் ஒரு வளைவு காணாமல் போயிருந்ததே, அது இங்கே தெளிவாக விழுந்திருக்கிறது. சங்கிலி உள்ளே நுழைந்ததும் மூடி போலக் கவிந்து, தண்ணீரை வெளியே தள்ளிச் சாத்திக்கொள்கிறது. சாத்திய பிறகுதான் உள்ளே வேலை நடக்கிறது.

இன்னொரு செய்தி. ஆர்.என்.ஏ.வையும் இப்போது படிகமாக்குகிறார்கள். சேதி கொண்டுபோகும் வெறும் நாடா என்று நினைத்தோமே, அதில் சில வகை மடிந்து, பள்ளம் அமைத்து, தன்னைத் தானே வெட்டிக்கொள்கிறதாம். உருவத்தைப் பார்த்தால்தான் தொழில் புரிகிறது. நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

இனி புள்ளிகள். இன்று எல்லாம் கணினித் திரையில் வருகிறது. அன்று படிகத்தின் எக்ஸ் கதிர்ப் படங்களிலிருந்து கணக்கிட்ட எண்களை வைத்து, மலைக்கு உயரக்கோடு வரைவது போல, நீ பிளாஸ்டிக் தாள்களில் மையால் வரைவாய். தாள்களை அடுக்கிக் கீழிருந்து விளக்குப் போட்டால் மூலக்கூறு எழுந்து நிற்கும். குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழே இருப்பதை வரைவதில்லை. அது வெறும் இரைச்சல். ஆனால் நீ ஆறு தாள்களில், வளைவு காணாமல் போன இடத்தில், பொடிப்பொடியாகப் பதினேழு புள்ளி வைத்திருந்தாய்.

நான் ஈரத்துணியோடு வந்து நின்றேன்.

"இன்னா வாத்யாரே, உங்க வூட்டு வாசல்ல வெச்சா கோலம், நான் வெச்சா அழுக்கா?"

என்னைச் சிரிக்கவைத்துவிட்டுக் காரணமும் சொன்னாய். திருவல்லிக்கேணியில் உன் மாமா ஸ்டூடியோ வைத்திருந்தார் அல்லவா? "ஆடாம குந்திகினவன் மூஞ்சிதான் போட்டோல வுழும். ஆடிக்கினே இருந்தா புகை மாதிரி தெரியும். அதுக்காக ஆளே அங்க இல்லன்னு ஆயிடுமா?"

நான் துடைத்தேன்.

மூன்றாவது குறிப்பு இதுதான். வரம்புக்குக் கீழே வரையக்கூடாது என்றால் கூடாது. ஒருவருக்குத் தளர்த்தினால் ஆளாளுக்கு விரும்பியதை வரைவார்கள். இதைத்தான் இத்தனை வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் பிறகு எழுதிய ஆய்வுக் கட்டுரையின் கடைசிப் பத்தியில் ஒரு வரி சேர்த்தேன்: இப்பகுதி அசையக்கூடும். உன் பெயர் இல்லாமல்.

அந்த ஒரு வரிதான் இப்போது என்னைப் பிடித்திருக்கிறது. புதிய படம் வந்ததும் யாரோ பழைய கட்டுரையைத் தேடிப் படித்திருக்கிறார்கள். நம் ஆய்வகத்தில் எனக்குப் பாராட்டு விழா. அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே, 'அசையும் மூடியை முதலில் ஊகித்தவர்' என்று அச்சாகிவிட்டது. நான் ஒன்றும் செய்யவில்லை என்றேன், அடக்கம் என்றார்கள். மயிலாப்பூரிலிருந்து அடையாறு வர முழங்கால் ஒத்துழைக்காது என்றேன். கார் அனுப்புகிறார்களாம், மேடைக்கு ஏறச் சாய்வுப் பலகையும் போடுகிறார்களாம். போனால் பொய்க்கு மாலை. போகாவிட்டாலும் அச்சில் ஏறிய பொய் அப்படியே இருக்கும். எந்தப் பக்கம் நகர்ந்தாலும் சாத்திக்கொள்கிறது, காதர்.

நேற்று காலை உன் வீட்டுக்குப் போன் செய்தேன். உன் வீட்டுக்காரி ஜமீலா எடுத்தாள். சொல்லவந்ததை மூன்று முறை தொடங்கி நிறுத்தினேன். அவளே முடித்துவைத்தாள்.

"அன்னிக்கே சொன்னாரு அண்ணே. 'பெரியவரு வர்ற நேரம், வாத்யாரு தொடச்சுட்டாரு. கை நடுங்கிச்சு பாவம், நீ அவரு மேல கோச்சுக்காத'ன்னாரு."

பிறகு என் முழங்காலுக்கு ஒரு தைலத்தின் பெயர் சொன்னாள். எழுதிக்கொள்வது போல நடித்தேன்.

பெரியவர் என்று நீ சொன்னது நம் துறைத் தலைவரை. அன்று மூன்று மணிக்கு அவர் தாள்களைப் பார்க்க வருவதாக இருந்தது. அதை என் பட்டியலில் நான் எழுதவே இல்லை, பார்த்தாயா?

ஆகவே மூன்றாவது குறிப்பு தவறு. தாளில் புள்ளிக்கு இடமில்லை என்றால், குறிப்பேட்டில் உன் ஊகத்தை உன் பெயரோடு எழுதியிருக்கலாம். அதை எந்த விதியும் தடுக்கவில்லை. என் கையில் துணியைக் கொடுத்தது விதி அல்ல. பயம்.

விழா மலருக்கு என்னிடம் கட்டுரை கேட்டிருந்தார்கள். இந்தக் கடிதத்தைக் கொடுக்கிறேன். ஞாயிறன்று மேடைக் கரும்பலகையில் உன் பதினேழு புள்ளிகளையும் வைத்து, யாருடையவை என்று சொல்வேன். கை நடுங்கும். துடைக்க மாட்டேன்.

ஜமீலா என்னை அண்ணன் என்கிறாள். அதனால் இந்த ஒன்றிலாவது முறைப்படி,
உன் மச்சான்.