நீ அழுத்தாமல் வரைந்த மலை

இன்றைக்குக் கடைசி பீரியடில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பத்திரண்டு மலைகளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்கள். அத்தனையும் கறுப்பு. முன்னால் நிற்க வேண்டிய மரம் வெளிறிக் கிடக்கிறது, எங்கோ தள்ளியிருக்கிற மலை மூக்கில் இடிக்கிறது. திருத்தவே சலிப்பாக இருந்தது. ஸ்டாஃப் ரூம் முழுக்கப் பென்சில் சீவிய தூளின் மர வாசனை. உன் நாற்காலியில் இப்போது புதிதாக வந்த கம்ப்யூட்டர் டீச்சர் உட்காருகிறாள். நல்ல பெண்தான். காரணமே இல்லாமல் அவள் மேல் எனக்கு எரிச்சல் வருகிறது.

அப்போது நாம் இரண்டு பேரும் இந்தப் பள்ளிக்கூடத்தின் டிராயிங் டீச்சர்கள். நீ வளவனூரிலிருந்து பஸ் பிடித்து விழுப்புரம் வருவாய். அங்கிருந்து திண்டிவனத்துக்குப் பாசஞ்சரில் ஒன்றாகப் போவோம். பேரணி தாண்டியதும் மேற்கே செஞ்சிப் பக்கத்து மலைகள் தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அவற்றைக் கறுப்பாகத்தான் போட்டேன். "பாறைன்னா கறுப்புதானே?" என்று உன்னிடம் சண்டைக்கு வந்தேன். நீ சிரித்தாய். "பாறை கறுப்புதான்பா. நமக்கும் அதுக்கும் நடுவுல அவ்ளோ காத்து கெடக்குதே, அத்த யாரு போடுறது?"

காற்றைப் போட நீ ஒரு வழி வைத்திருந்தாய். தூரத்து மலைக்கு வெளிர்நீலப் பென்சிலை அதன் வால் முனையில் பிடிப்பாய். பென்சிலின் கனம் மட்டும்தான் தாளில் படும். விளிம்பைக் கூராக்கவே மாட்டாய். நடுவில் வரும் மல்லாட்டைக் கொல்லையின் கடலைச் செடிகளுக்கு விரல்கள் பாதி வரை இறங்கும், சாம்பல் கலந்த பச்சை. கிட்டத்துப் பனைக்கு முனையருகே பிடித்து, பழுப்பின் மேல் ஊதா, அதன் மேல் கரும்பச்சை என்று தாளே மினுங்கும்வரை அழுத்துவாய். கறுப்புப் பென்சில் உன் டப்பாவில் சீவாமலே கிடக்கும்.

போன வருஷம் ஆண்டுவிழாக் கண்காட்சிக்கு நீ வரைந்த படத்தில் மலை அருமையாக வந்திருந்தது. ஆனால் பனையும் மலையைப் போலவே வெளிறியிருந்தது. முன், பின் என்று ஒன்றுமே இல்லை. மறுநாள் காலையில் மாட்ட வேண்டும். எனக்கோ மேடை அலங்காரமெல்லாம் செய்து முடித்து உடம்பெல்லாம் நோவு. "என்னாடி இது, பாதியில வுட்டுட்டு உக்காந்துக்கினு இருக்கற? சோம்பேறி ஆயிட்டியா?" என்றேன்.

"அவ்ளோதான் வருது" என்றாய்.

நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பென்சிலை உன் கையிலிருந்து பிடுங்கி, உன் பனை மேல் நானே அழுத்தித் தேய்த்தேன். அரை மணி நேரத்தில் பனை முன்னால் வந்து நின்றது, மலை பின்னால் போனது. கைகளை மடியில் வைத்துக்கொண்டு நீ பார்த்தாய். "உன் கை நல்லா அழுத்துதுப்பா" என்றாய். எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இரண்டு மாதத்தில் நீ வேலைக்கு வருவது நின்றது. ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் உன் வீட்டுக்காரர் சொன்னார். நரம்பு வியாதியாம். கண்காட்சிக்கு முந்தின தீபாவளிக்கும் முன்பிருந்தே விரல்களில் பிடி இல்லையாம். ரவிக்கைக்கு ஊக்கு மாட்டிவிட்டதுகூட அவர்தானாம். தெரிந்தால் வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள் என்று யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்றாயாம். தினமும் எதிர் சீட்டில் உட்கார்ந்து வந்தவள் நான். டிபன் டப்பாவை என்னிடம் நீட்டி "தொறந்து குடுப்பா" என்று நீ கேட்டதெல்லாம் அப்புறம்தான் உறைத்தது. மன்னிப்புக் கேட்க இரண்டு தடவை வாயெடுத்தேன். இரண்டு தடவையும் நீ பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தாய். மூன்றாவது தடவைக்கு நீ இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குப் போயிருந்தேன். அந்தப் படத்துக்கு ஃபிரேம் போட்டு டிவிக்கு மேலே மாட்டியிருக்கிறார் உன் வீட்டுக்காரர். என்னைக் கிட்டே கூப்பிட்டுக் காட்டினார்.

"கை வெளங்காம போச்சின்னு டாக்டருங்க சொன்னாங்க டீச்சர். இத்த பாருங்க, இந்தப் பனைய என்னா அழுத்து அழுத்திப் போட்டிருக்கா! ஊக்கு மாட்ட வரலன்னாலும், படம் போடறதுக்கு அவ கை கடைசி வரிக்கும் நல்லாத்தான் இருந்திச்சி."

கண்ணாடியின் மேலேயே பனையைத் தடவினார். தினமும் காலையில் காபி குடித்ததும் இப்படித் தடவுவாராம்.

நான் "ஆமாங்க" என்றேன். நிஜத்தைச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. சொல்லி அவருக்கு என்ன ஆகப்போகிறது என்றும் புரியவில்லை. அந்த ஒரு "ஆமாங்க"வைச் சுமந்துகொண்டுதான் தினமும் ரயிலேறுகிறேன். உன்னிடம் மட்டும் சொல்கிறேன்: அவர் பனையைத் தடவிக்கொண்டிருந்த நேரமெல்லாம் நான் அதற்கு மேலே மலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிடியில்லாத விரல்களால் நீ போட்ட மலை. அவர் கை அந்தப் பக்கம் போகவே இல்லை.