நாக்கோரத்து மரு

என்னங்க,

மாலை வகுப்புக்குக் கிளம்புகிறேன். சாப்பாடு அடுப்பின் மேல் இருக்கிறது, சூடாக்கிக்கொள்ளுங்கள்.

இன்று பல் டாக்டரைப் பார்த்தேன். நாக்கோரத்தில் இருப்பது பாப்பிலோமா வைரஸால் வந்த மருவாக இருக்கலாமாம். வெள்ளிக்கிழமை வெட்டியெடுத்துப் பரிசோதிப்பார். அந்த வைரஸ் வருடக்கணக்கில் உடம்பில் சத்தமில்லாமல் கிடக்குமாம். யாரிடமிருந்து, எப்போது வந்தது என்று சொல்லவே முடியாதாம்.

நேற்று, இந்த மாதிரி மரு உடலுறவாலும் பரவும் என்று போனில் அரைகுறையாகப் படித்துவிட்டு, "எவகிட்டேர்ந்து வாங்கிட்டு வந்து எனக்குக் குடுத்தீங்க?" என்று கத்தினேன். கல்யாணத்துக்கு முன் நான் ஒருவரோடு பழகியது உங்களுக்குத் தெரியும். அதே கேள்வியை என்னிடம் திருப்பிக் கேட்டிருக்கலாம். நீங்கள் "வலிக்குதா?" என்று மட்டும் கேட்டீர்கள். நேரில் சொல்ல முகமில்லாமல்தான் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை கூட வருவீர்களா?

மறந்துவிட்டேன்: வலிக்கவில்லை. நேற்றே சொல்லியிருக்க வேண்டும்.