புரட்டாசியில் எலிப்பொறி

கச்சிராயபாளையம்
2-10-1987

அன்புள்ள தமிழரசனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, மாடு கன்று எல்லாரும் சுகம். பம்பாயில் உன் சுகத்தைப் பெருமாள் பார்த்துக்கொள்வார், இருந்தாலும் நீயும் ஒரு வரி எழுது. இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் மறியல், ரோட்டில் புளியமரங்களை வெட்டிப் போட்டுவிட்டார்கள், பஸ்ஸும் இல்லை தபாலும் இல்லை. உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது.

நீ பஸ் ஸ்டாண்டில் பொறுக்கி வந்து என் தலையில் கட்டிவிட்டுப் போன பூனை ராசாவுக்கு மறுபடியும் கண்ணில் பீளை, மூக்கடைப்பு. கள்ளக்குறிச்சி மாட்டாஸ்பத்திரி டாக்டர் முன்பே சொல்லியிருந்தார், இது வைரஸ், உடம்பை விட்டுப் போகாது, குளிரோ பயமோ வந்தால் தலைதூக்கும், மனுஷருக்கு ஒட்டாது, மற்றப் பூனைகளோடு சேர்க்காதீர்கள், வாசனை தெரியாவிட்டால் சாப்பிடாது, சாப்பிடாவிட்டால் பிழைக்காது என்று. மரம் சாய்ந்த சத்தத்தில் பயந்து நெற்குதிருக்குப் பின்னால் ஒடுங்கியதுதான், வந்துவிட்டது. வெந்நீரில் துணி நனைத்துக் கண்ணைத் துடைத்தேன். பால், தயிர்ச்சோறு எதையும் சீண்டவில்லை. சுட்ட கருவாடு ஒன்றுதான் அந்த மூக்குக்கு எட்டும். புரட்டாசியில் கருவாட்டுக்கு எங்கே போவது? மாதம் பிறக்கும் முன்பே கருவாட்டுப் பானையை எதிர்வீட்டு இருசம்மாளிடம் கொடுத்துவிட்டு வீட்டைக் கழுவச் சொல்கிறவர் உன் அப்பா. கேட்டுப் பார்த்தேன். "சீக்காளிப் பூனைக்காவ பெருமாள பகைச்சிக்கச் சொல்றியா, போற உசுரு போவட்டும்" என்று போய்விட்டார். நான் பெருமாளிடமே வேண்டிக்கொண்டேன். இரண்டு நாளில் பூனை எழுந்து உட்கார்ந்தது, என் வேண்டுதல்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை இருசம்மாள் வந்து, "இன்னாக்கா, உங்க வூட்ல எலி அவ்ளோ ஜாஸ்தியா, அண்ணன் தெனம் எலிப்பொறிக்குன்னு கருவாடு வாங்கிக்கினு போறாரு" என்றாள். நம் வீட்டில் எலிப்பொறியே கிடையாது. மறுநாள் விடிந்ததும் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். செங்கல் கூட்டிக் கருவாட்டைச் சுட்டு, முள் எடுத்து, துண்டில் சுற்றிய பூனைக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். "தின்னுடா ராசா, பெருமாளுக்கு நான் சொல்லிக்கிறேன்" என்றார். உனக்கு டைபாய்டு வந்தபோது கஞ்சி ஊட்டிய அதே குரல். பிறகு கிணற்றில் தலைக்குக் குளித்து, புது நாமம் போட்டுக்கொண்டு வந்து, "சீக்காளி இருக்குதா செத்துச்சா" என்று என்னையே கேட்டார். இருக்கிறது என்றேன்.

குணமாகாத நோயாமே, எங்காவது தோப்பில் விட்டுவிடு என்று எழுதியிருந்தாய். அப்பா அதைப் படித்து மடித்து வைத்துவிட்டு மாட்டுக்கொட்டகைப் பக்கம் போனார். ஐப்பசி பிறக்கும்வரை அவருக்குத் தினம் இரண்டு குளியல், சளி பிடித்தால் அவருக்கும் நான்தான் வெந்நீர் வைக்க வேண்டும்.

தண்ணீரைக் காய்ச்சிக் குடி. தீபாவளிக்கு லீவு கேள். நீ நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும். உன் கடிதத்தை முதலில் பிரிப்பவர் அவர்தான், அதனால் எலிப்பொறியைப் பற்றி மூச்சு விடாதே. ராசா எப்படி இருக்கிறான் என்று கடிதத்தில் அவரையே கேள். இத்தனை வருஷத்தில் உனக்கு ஒரு வரி எழுதாதவர், அதற்காவது எழுதுவார்.

உன் அம்மா
பாப்பாத்தி