நிரந்தரம் என்று வாயில் வரவில்லை

மார்ச் 4, செவ்வாய்

காலையில் முழங்கால் வலிக்காரர். டாக்டர் ஒரு வரி கேட்டால் அவர் பத்து நிமிடம் பேசுகிறார். அத்தனையையும் நான் இந்த ஊர் மொழியில் டாக்டரிடம் ஒப்பிக்க வேண்டும். பிறகு டாக்டர் சொல்வதைத் தமிழில் அவருக்கு. கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. ஆஸ்பத்திரியில் என் வேலை அவ்வளவுதான். பதினொரு வருஷத்தில் ஒரு சொல் பிசகியதில்லை என்று எல்லோரிடமும் பீற்றிக்கொள்வேன்.

மதியம் கண் பிரிவு. ஒரு பெயின்டர், நாற்பது வயதிருக்கும். ஏணியிலிருந்து விழுந்து தலையில் அடி. கூட அவர் மனைவி. டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. இரண்டு கண் நரம்பும் செத்துவிட்டன, பார்வை போனது நிரந்தரம் என்றார். அந்தப் பெண் டாக்டரைப் பார்க்கவே இல்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்போதைக்குப் பார்வை வராதுன்னு சொல்றாங்க" என்றேன்.

"இப்போதைக்குத்தானே அக்கா?" முகம் அப்படியே தெளிந்துவிட்டது. நான் தலையாட்டினேன்.

கோல் பிடித்து நடக்கும் பயிற்சியில் ஓர் இடம் காலியாக இருக்கிறது என்றார் டாக்டர். "பார்வை வரப்போற மனுசனுக்குக் கோல் எதுக்குக்கா? வேற யாருக்காவது குடுக்கச் சொல்லுங்க" என்றாள் அவள். அதை மட்டும் அட்சரம் பிசகாமல் டாக்டரிடம் சொன்னேன்.

மார்ச் 5

ஏன் அப்படிச் சொன்னேன்?

மார்ச் 9, ஞாயிறு

அகராதியை எடுத்துப் பார்த்தேன். நிரந்தரம் – இடைவெளி இல்லாதது. எப்போதும் இருப்பது. எனக்குத் தெரியாத சொல்லா இது? நிரந்தர முகவரி, நிரந்தர வைப்பு. வேலை நிரந்தரமானால் ஆபீஸ் முழுக்க இனிப்புக் கொடுக்கிறோம். வேண்டியதற்கு எல்லாம் ஆசையாய்ப் போட்டுக்கொள்கிற சொல். அதையே எடுத்து ஒருவர் கண்ணுக்குப் போட எனக்கு நாக்கு எழவில்லை.

சரி, "இனிமே வராது" என்று சொல்லியிருக்கலாமே? அதற்கு என்ன கேடு? அந்த அறையில் என்னைத் தவிர ஒருவருக்கும் இரண்டு மொழியும் தெரியாது. நான் சொன்னதுதான் சட்டம்.

அடுத்த முறை வரும்போது சொல்லிவிடலாம்.

மார்ச் 27

நேற்று கனவில்கூட மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 22

பெயின்டரும் மனைவியும் சொட்டு மருந்து வாங்க வந்திருந்தார்கள். தாழ்வாரத்தில் என்னைப் பார்த்ததும் அவளுக்கு ஒரே சந்தோஷம். தினம் காலையில் எழுந்ததும் அவர் முகத்துக்கு நேரே விரலைக் காட்டி எத்தனை என்று கேட்கிறாளாம். "நேத்து மூணுன்னு கரெக்டா சொல்லிட்டாருக்கா!" அவரும் சிரித்தபடி, "நிழலாட்டம் தெரியுதுங்க" என்றார்.

வேலையை விட்டுவிட்டாள். "பார்வை வர்ற வரைக்கும் கூட இருந்தாப் போதும்ல?" ஒன்றரை மாசமாக ஆஸ்பத்திரிக்கு வருவதைத் தவிர அவர் வாசற்படி தாண்டவில்லை. அவர் கையில் கொதிநீர் பட்ட காயம். கோலைத் தொடவே மாட்டேன் என்கிறாராம்.

அங்கேயே சொல்லியிருக்கலாம். மென்று விழுங்கிவிட்டு, வேலை இருக்கிறது என்று ஓடி வந்தேன்.

வீட்டில் இவரிடம் சொன்னேன். பாவம் பார்த்துதான் அப்படிச் சொல்லிவிட்டேன் என்றேன். பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டார். "அவங்களுக்குப் பாவம் பார்த்தியா? அவங்க அழுதா உன்னால பாக்க முடியாது. அதான் விஷயம்." கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

மே 6, செவ்வாய்

அவர்கள் வருவதற்கு முன்பே, அன்று மாற்றிச் சொன்னதை டாக்டரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். வேறு ஆளைக் கூப்பிடட்டுமா என்று கேட்டார். தமிழுக்கு வேறு ஆள் இல்லை.

அவர்கள் உட்கார்ந்ததும் டாக்டர் பழையபடி ஆரம்பித்தார். இந்த முறை சொன்னேன். "நிரந்தரம். பார்வை இனிமே வராது. அன்னைக்கும் டாக்டர் இதேதான் சொன்னாங்க. மாத்திச் சொன்னது நான்."

அவர் என் குரல் வந்த பக்கம் திரும்பினார். "எனக்கு நிழல் தெரிஞ்சுதுங்க. நெசமாவே தெரிஞ்சுது." டாக்டர் என்ன என்று கேட்டார், சொன்னேன். அது மனசு காட்டுகிற நிழல், கண் பார்த்தது இல்லை என்றார். அதையும் நானேதான் அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. ஐயோ, அந்த ஒரு நிழலையாவது விட்டுவைத்திருக்கக் கூடாதா?

பிறகு அவள் வெடித்தாள். டாக்டர் என்னைப் பார்த்தார். என்ன சொல்கிறாள்?

நோயாளி தரப்பு 'நான்' என்றால் நானும் 'நான்' என்றே சொல்ல வேண்டும், அது விதி. சொன்னேன். "இந்தப் பொம்பளைய நம்பி என் வேலைய விட்டேன். கிடைச்ச இடத்தை வேண்டாம்னேன். ரெண்டு மாசமா விடிஞ்சா விரலைக் காட்டிட்டு உக்காந்திருந்தேன். இவ நாக்கு அழுகிப்போகட்டும்." ஒரு சொல் குறைக்கவில்லை.

பயிற்சியில் அடுத்த இடம் ஆகஸ்டில்தான் கிடைக்குமாம். அதையும் சொன்னேன்.

மே 9

கண் பிரிவுக்கு இனி நான் போக வேண்டாம் என்று கடிதம் வந்திருக்கிறது. நியாயம்தான்.

செப்டம்பர் 12, வெள்ளி

ஆஸ்பத்திரிக்கு எதிரே சிக்னலில் ரோட்டைக் கடக்க நின்றிருந்தேன். நாலைந்து பேர் சேர்ந்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு வெள்ளைக் கோல் வந்து நின்றது. பெயின்டர். இளைத்திருந்தார். திரும்பிப் பார்த்தேன். பத்தடி பின்னால் அவர் மனைவி, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். உதவக் கூடாது என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அவள் என்னைப் பார்த்துவிட்டாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

பச்சை விழுந்துவிட்டதா என்று அவர் பொதுவாகக் கேட்டார். இந்த ஊர் மொழியில், தட்டுத்தடுமாறி. யாரும் வாயைத் திறக்கவில்லை.

"இன்னும் இல்லீங்க" என்றேன், தமிழில்.

கோலைப் பிடித்திருந்த விரல்கள் இறுகின. "அக்காவா?"

"ஆமாங்க."

விளக்கு மாறியது. "பச்சை விழுந்துடுச்சு, போலாம்" என்றேன்.

அவர் நகரவில்லை. தலையை லேசாகச் சாய்த்து நின்றார். மற்றவர்களின் செருப்புச் சத்தம் ரோட்டில் இறங்கிய பிறகுதான் கோலை முன்னால் வைத்தார்.