இருபத்தோராவது பூ

சிவமயம்

உவர்மலை,
திருகோணமலை.
21.11.1976

அன்பு மகள் புனிதவதிக்கு அம்மா எழுதிக்கொள்வது. முத்துமாரி அம்மாளின் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம், அந்தக் குளிர் தேசத்தில் நீயும் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டுமென்று கும்பிட்டுவிட்டுத்தான் பேனையை எடுக்கிறேன். சுகம் என்று எழுதினாலும் அப்பாவும் நானும் இரண்டு நாளாக முகம் பார்த்துக் கதைக்காமல் இருந்து இன்று காலையில்தான் கதைத்தோம், அதையும் சுகத்தோடுதான் சேர்த்திருக்கிறேன். இந்தக் கடிதத்தைக் கதிரையில் ஆறுதலாக இருந்து வாசி. நடுவில் உனக்குக் கோபம் வரும். வந்தாலும் கிழித்துப் போடாதே, உனக்கு வேண்டிய அளவெல்லாம் பின்னால்தான் எழுதியிருக்கிறேன்.

போன வருடம் தேயிலை ஏற்ற வந்த கப்பலில் ஒருவரிடம் கொடுத்தனுப்பினாயே, நீ பெரு நாட்டுக் காட்டில் தோண்டிய கிழங்கு, உங்கள் ஆராய்ச்சித் தோட்டத்துக் கண்ணாடி வீட்டில் பூக்கமாட்டேன் என்று நிற்கிறது, திருகோணமலை வெக்கைக்காவது பூக்கட்டும் என்று, அது கிணற்றடியில் இப்போது அப்பாவின் உயரம் வளர்ந்து நிற்கிறது. நாங்கள் இங்கே தெபு என்று சொல்கிற செடியின் சொந்தக்காரன் என்று பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது, இலை தண்டைச் சுற்றிச் சுற்றியே ஏறுகிறது. அப்பா வருகிறவர்களை எல்லாம் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய் கடற்கரை வெளிச்சவீட்டுச் சுற்றுப்படி பார்த்திருக்கிறீர்களா, இதுதான் என்று காட்டுவார். துறைமுகத்துப் பெயின்ற் ஸ்டோரில் முப்பது வருடம் கப்பலுக்கு நிறம் கலந்த மனுசன், ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு ஒரு பொறுப்புக் கிடைத்ததே என்று நானும் பேசாமல் இருந்தேன். தெபு இலையில் சம்பல் போடுகிறவர்கள் யாராவது பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயத்தில் மூன்று பாஷையிலும் தொடாதே என்று பலகை எழுதி நட்டார். எழுத்தெல்லாம் கப்பல் பெயின்ற், இன்னும் நாற்பது வருடத்துக்கு அழியாதாம். சல்லிக் கிராமத்துக்குச் சைக்கிளில் போய்ப் பழைய மீன்வலை ஒன்றும் வாங்கிவந்து சுற்றிக் கட்டினார். அந்த வலையின் நாற்றத்துக்குப் பயந்தே ஒருவரும் கிட்ட வரமாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

புரட்டாதியில் நீ அப்பாவுக்குத் தனியாக எழுதிய கடிதத்தை அவர் உத்தியோக விஷயம் என்று அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். எனக்கு நீ எழுதியதில் என்ன இருந்தது? காட்டிலிருந்து கொண்டுவந்த பூவெல்லாம் நசிந்து ஒன்றுக்கும் உதவாமல் போய்விட்டது அம்மா, அந்தக் கிழங்கைத்தான் நம்பியிருக்கிறேன் என்று இருந்தது. அதை வாசித்த ஒரு பெண்பிள்ளைக்கு என்ன விளங்கும்? பூவில் காரியமில்லை, கிழங்கில்தான் காரியம் என்றுதானே? பிழை என்னில் இருக்கிறது என்று ஒத்துக்கொள்கிறேன், ஆனால் ஒரு பங்கு உன்னிலும் ஒரு பங்கு அந்த அலுமாரியிலும் இருக்கிறது.

ஐப்பசி பிறந்ததும் உச்சியில் அன்னாசிப் பிஞ்சு போலச் சிவப்பாய் ஒரு கூம்பு வந்தது. ஒரு நாள் விடியக் கிணற்றடிக்குப் போனேன், கூம்பின் ஒரு செதிலுக்குள்ளிருந்து மஞ்சளாய் ஒரு பூ எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது மகள். அந்த இடத்திலேயே சல்லி முத்துமாரியம்மனை நினைத்து உன் விஷயமாக ஒரு நேர்த்திக்கடன் வைத்தேன், இந்தச் செடியில் பூக்கிற பூ இருபத்தொன்று, நாளுக்கு ஒன்றாக, சாமியறையில் இருக்கும் அம்மாளின் படத்துக்குச் சாத்துகிறேன் என்று. செடியும் நாளுக்கு ஒரு பூத்தான் விரித்தது, நேர்த்திக்கென்றே படைத்தது போல. நான் ஐந்தரைக்கு எழும்புகிறவள், பூ ஆறு மணிக்கு முன்னம் விரிந்துவிடும், உன் அப்பாவுக்கு விடிகிறது ஏழு மணிக்கு. பிறகென்ன.

இரண்டாம் நாள் அப்பா கூம்பில் பூக் கிள்ளிய அடையாளத்தைக் கண்டுபிடித்துவிட்டார். வளவெல்லாம் ஒரே சத்தம். பக்கத்து வளவு ஜெமீலாவின் ஆடுதான் என்று வேலியில் நின்று தீர்ப்புச் சொன்னார். மூன்றாம் நாள் விஷயத்தின் பாரத்தை எனக்கு விளக்குவதற்காக அலுமாரியைத் திறந்து உன் கடிதத்தைக் குசினி வாசலில் நின்று சத்தமாக வாசித்தார். காய்ந்த பூவில் வடிவமும் தெரியாது நிறமும் தெரியாது, உயிரோடு விரிந்த ஒரு பூவை அளந்து, நிறம் பார்த்து, நீளத்துக்கு இரண்டாய் வெட்டி, சாராயத்தில் போட்டு வைத்தால்தான் இது புதுச் சாதி என்று எழுத முடியும், அமெரிக்காவில் இன்னொருவரும் இதே செடியை எழுத இருக்கிறார், வருடம் முடிய முன்னம் அனுப்பாவிட்டால் மூன்று வருட உழைப்பும் வீண் என்று அப்பா வாசிக்க, புட்டுக் குழைத்த என் கை அப்படியே நின்றுவிட்டது. அன்றைய பூ அம்மாளின் தலையில் இருக்கிறது. அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தொடங்கின நேர்த்தியை நடுவில் விட ஏலாது, கூம்பில் நாற்பது செதிலுக்கு மேல் இருக்கிறது, இருபத்தொன்று போனாலும் உனக்கு இருபது மிஞ்சும் என்று கணக்குப் போட்டு வாயை மூடிக்கொண்டேன். செதிலுக்கு ஒரு பூ இருக்கும் என்று நம்பினேன், அதுதான் நான் விட்ட பெரிய பிழை.

அதற்குப் பிறகு நடந்ததை எழுத எனக்கு வெட்கமும் வருகிறது சிரிப்பும் வருகிறது. கள்ளனைப் பிடிக்க அப்பா வாசலில் கதிரையைப் போட்டுக் குடையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், ஐந்து மணிக்கு மணிக்கூடு அடித்தது, அதை நிறுத்திவிட்டு உட்கார்ந்தபடியே நித்திரை. நான் பூவைக் கிள்ளி முந்தானையில் முடிந்துகொண்டு அவரை எழுப்பித் தேத்தண்ணீர் கொடுத்தேன். ஒருவரும் வரவில்லையே என்று கேட்டார், ஒருவரும் வரவில்லை என்றேன். பொய்யில்லை, நான் வீட்டு ஆள்தானே. பூப் போடுவதற்கென்று வாங்கிய சாராயப் போத்தலும் ஒரு பக்கத்தில் இருந்தது. அதன் காரம் குறைந்துவிட்டதோ என்று அவர் பின்னேரத்தில் கொஞ்சம் பார்ப்பார், பத்து நாளில் பூ ஒன்றும் போகாமலே போத்தல் பாதியாயிற்று. ஜெமீலாவுக்குத்தான் பொறுக்கவில்லை. வேலிக்கு வந்து, எங்கட ஆடு இலைய விட்டுட்டுப் பூவ மட்டும் கிள்ளித் தின்னுற அளவுக்கு நாகரிகம் படிக்கல்ல அக்கா என்று சொல்லிவிட்டு என் முந்தானையையே பார்த்துக்கொண்டு நின்றாள். காட்டிக்கொடுக்கவில்லை, நல்ல பிள்ளை.

வெள்ளிக்கிழமை இருபதாவது பூ. பத்து மணியிருக்கும், முப்பது வருடத்தில் நெருப்புப்பெட்டி தேடுவதற்கு மட்டும் சாமியறைக்குள் வந்த உன் அப்பா, குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, கையில் தேங்காயோடு உள்ளே வந்தார். கள்ளனைக் காட்டித் தந்தால் சல்லிக்கு வந்து நூறு தேங்காய் உடைக்கிறேன் என்று அம்மாளிடம் சொல்ல வந்தாராம். நிமிர்ந்து பார்த்தால் படத்தில் பூ. தேங்காய் உடைக்கிறதுக்கு முன்னமே அம்மாள் கள்ளனைக் காட்டிவிட்டா. இஞ்ச வாரும், இது என்ன என்று கேட்டார். பூ என்றேன். எத்தினை என்றார். இருபது என்றேன். மனுசன் தேங்காயை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். பிறகு பூவுக்குக் கையை நீட்டினார், சாத்தின பூவைத் தொடக் கூடாது என்று நான் கையைப் பிடித்துக்கொண்டேன். எழும்பிப் போய்க் கூம்பின் செதில் ஒவ்வொன்றையும் விரலால் விலக்கிப் பார்த்திருக்கிறார். எல்லாம் வெறும் செதில், மொட்டு ஒன்றுதான் மிச்சம். அதற்குப் பிறகு என்னோடு கதையில்லை. வேலியில் நின்று ஜெமீலாவிடம், அந்த மனுசியிட்டச் சொல்லு பிள்ளை, பூ ஒண்டுதான் மிச்சம் எண்டு என்றார். நானும் ஜெமீலாவிடமே, எனக்கும் நேர்த்தி ஒண்டுதான் மிச்சம் எண்டு அவரிட்டச் சொல்லு என்றேன். நேற்று மட்டும் பூ விரியவில்லை, நாள் முழுக்க இதே கதை. கடைசியில் அவள், நான் ஆட்ட மேய்க்கிறதா உங்க ரெண்டு பேர்ர கதைய மேய்க்கிறதா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

இன்று ஐந்தரைக்கு எழும்பினேன். மெல்லிய தூறல். அப்பா கதிரையில் குடைக்குக் கீழே வாயைத் திறந்துகொண்டு நித்திரை. கிணற்றடியில் கடைசிப் பூ விரிந்திருந்தது. வலைக்குள் கையை விட்டுக் காம்பில் விரலை வைத்துவிட்டேன், ஒரு கிள்ளுப் போதும், நேர்த்தி நிறைவேறிவிடும். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது, முதுகெல்லாம் நனைந்துவிட்டது. பிறகு போய் அவருடைய தோளைத் தட்டி, எழும்புங்கோ, உங்கட மகளின்ர பூ விரிஞ்சிருக்கு என்றேன். மனுசன் ஏசவில்லை. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். மூன்று கிழமையாய்க் காவல் காத்தும் இன்றைக்குத்தான் அந்தப் பூவைச் செடியில் விரிந்தபடி முதன்முதல் காண்கிறார், பாவம். எல்லாம் அளந்து முடிந்து சவர பிளேட்டைக் கையில் எடுத்தவர், பூவைத் தொடாமல் மூக்குக்கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு நின்றார். இஞ்ச தாங்கோ என்று வாங்கி, அவர் குடை பிடிக்க, நான்தான் வெட்டினேன். நாற்பது வருடம் மீன் வெட்டிய கை, ஒரு இதழும் சிதையவில்லை.

இனிக் கவனமாக வாசி. கூம்பின் செதில் அடியில் சிவப்பு, ஓரம் பச்சை. அப்பா அதைக் கப்பலின் அடிக்குப் பூசுகிற சிவப்பு ஈயம் என்கிறார். செதிலின் முதுகில் ஒரு துளி தேன் ஊறும், எறும்பு விடாது. வெளி இதழ் மூன்று, வெங்காயத் தோல் போல மெல்லிசு, வெளிறிய ரோசா, பூனைக்குட்டியின் காதில் இருக்கிற மாதிரிப் பூமயிர். உள்ளே பெரிய உதடு, இரண்டரை அங்குலம், குழல் போலச் சுருண்டது, மஞ்சள். உதட்டின் இரு பக்கத்திலும் உள்ளே சிவப்புக் கோடு பக்கத்துக்கு ஐந்து. வெட்டிப் பார்த்தால் நாக்குப் போல ஒன்று, அதில் மகரந்தப் பை இரண்டு, இரண்டுக்கும் நடுவால் ஒரு நூல் ஏறி நுனியில் சின்னக் கிண்ணம். வாசம் இல்லை. ஆறு மணிக்கு முன்னம் விரியும், பத்து மணிக்குச் சோரும், மத்தியானம் நனைந்த கடதாசி. இருபத்தொரு பூவும் இப்படித்தான், ஏழாவதில் மட்டும் ஒரு பக்கம் ஆறு கோடு இருந்தது. அந்த அமெரிக்காக்காரருக்கு இது தெரியுமோ? இருபத்தொன்றையும் உயிரோடு பார்த்தவள் உலகத்தில் நான் ஒருத்திதான். மஞ்சளுக்கு அப்பாவும் நானும் சண்டை பிடித்து, அவர் நான்கு தரம் பெயின்ற் கலந்து மட்டையில் பூசி, நான்காவதைத்தான் நான் சரி என்றேன். அந்த மட்டையை இதோடு வைத்திருக்கிறேன். பூவின் இரண்டு பாதியும் கப்பலில் வரும். இருந்த சாராயம் பூ மூழ்கக் காணாமல் புதுப் போத்தல் வாங்க வேண்டி வந்தது. சோமசேகரம் என்ற தன் பெயர் லத்தீனில் எப்படி வரும் என்று அவர் பேப்பர் ஓரமெல்லாம் எழுதிப் பார்க்கிறார், ஆளுக்கு ஆசை இருக்கிறது. உன் விருப்பம்.

ஒன்று மட்டும் அவருக்கும் சொல்லவில்லை. என்ன நேர்த்தி என்று கேட்டார், மகளின் கட்டுரை அச்சாக வேண்டுமென்று என்றேன். அது பொய். நீ போய் ஏழு வருடம். இந்த வேலை எப்படியாவது முடிந்து என் பிள்ளை தைப்பொங்கலுக்கு வீட்டுக்கு வந்துவிட வேண்டும், பிறகு போகவே கூடாது, அதைத்தான் அம்மாளிடம் கேட்டேன். இந்தச் செடி புதிது என்று ஒத்துக்கொண்டால் உன்னை இன்னும் நான்கு வருடத்துக்கு அந்தக் காட்டுக்கே அனுப்புவார்கள், பெயரில்லாத செடி இன்னும் எவ்வளவோ இருக்கிறது என்று நீ அப்பாவுக்கு எழுதியிருந்ததையும் குசினி வாசலில் நின்று கேட்டவள்தான் நான். தெரிந்துகொண்டுதான், மகள், பூவில் பிளேட்டை வைத்தேன். எனக்குக் கவலை இல்லை என்று எழுதமாட்டேன், காலையிலிருந்து இரண்டு தரம் அழுதுவிட்டேன். ஆனால் அந்தப் பூவை உனக்குத்தான் தந்தேன், அம்மாளுக்கு இல்லை.

காட்டுக்குப் போனால் பாம்புக்குக் காலுறையும் சப்பாத்தும் போட்டுக்கொள், தலைக்கு எண்ணெய் வை. முக்கியமாக, விடிய ஐந்தரைக்கு எழும்பிச் செடியடியில் போய் நில், நீயும் அப்பாவைப் போல ஏழு மணிவரை படுத்திருந்தால் அந்தப் பூ உனக்காகக் காத்திராது. நீ நினைத்ததெல்லாம் கைகூடி நீடூழி வாழ அம்மாள் துணையிருப்பாவாக.

உன் அன்பு அம்மா,
சோ. தங்கரத்தினம்