நன்றிப் பக்கத்தில் அரை வரி

புதன்கிழமை பின்னேரம் அம்மாவின் கைத்தொலைபேசிக்கு அயல்வீட்டு அக்காவிடமிருந்து ஒரு படம் வந்தது. அக்கா எழுதி முடித்த ஆய்வேட்டின் நன்றிப் பக்கம். "உங்கட ரெண்டு பேரின்ர பேரும் எழுத்துப் பிழையில்லாமல் இருக்கோ எண்டு பாத்துச் சொல்லு. வெள்ளிக்கிழமை அச்சுக்குக் குடுக்கவேணும்" என்று கீழே எழுதியிருந்தார்.

பக்கம் ஆங்கிலத்தில் இருந்தது. பேராசிரியர்கள், ஆய்வுகூடத்து நண்பர்கள், அக்காவின் அம்மா எல்லோரும் வந்துபோன பிறகு, கடைசிப் பந்தியில் நீ வந்தாய். உனக்காகத் தமிழில் தருகிறேன்: 'நான் பிறந்த தீவில், ஒரு வகுப்பறையில், ஒரு மாணவி கேட்ட கேள்வியை இந்த ஆய்வின் கடைசி அத்தியாயத்தை எழுதிய ஒவ்வொரு நாளும் நினைத்தேன். இதை வாசிக்க அவள் இன்று இல்லை.' பிறகு உன் முழுப்பெயர், உன் அப்பாவின் பெயரோடு சேர்த்து. அதற்கடுத்து, 'என் கடிதத்தை அவளிடம் சேர்ப்பித்த தோழிக்கும்' என்று என் பெயர்.

உனக்கு நான்கு வரி. எனக்கு அரை வரி. எண்ணிப் பார்த்தேன். செத்துப்போன சிநேகிதியோடு வரி எண்ணுகிறவளை என்னவென்று சொல்வது? நீ இருந்தால் "விசர்" என்றிருப்பாய். எனக்கு முதலில் வந்தது பொறாமைதான். பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. ஏனென்றால் அந்தக் கடிதத்தை நான் உன்னிடம் கொடுக்கவே இல்லை.

உனக்குத் தெரியும், அக்காவை நான் என்னுடையவர் என்று நினைத்துக்கொண்டிருந்தவள். ஊர்காவற்றுறையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளித்தான் அவர் வீடு. அவர் உயர்தரத்துக்குப் படித்த உயிரியல் கொப்பிகள் எல்லாம் என் அலுமாரியில் இருக்கின்றன. அவர் எழுதுகிற 'ழ'வைப் பார்த்து என் 'ழ'வை மாற்றிக்கொண்டேன். வெளிநாட்டில் கலாநிதிப் பட்டத்துக்கு மலேரியாவை ஆராய்கிறார் என்று எங்கள் ஒழுங்கையில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர் ஆராய்வது நுளம்பை அல்ல, நுளம்பு காவிக்கொண்டு வருகிற ஒட்டுண்ணியை என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதில் எனக்கு அவ்வளவு பெருமை.

போன புரட்டாதியில் இரண்டு மாத விடுமுறையில் அக்கா வந்தபோது, எங்கள் வகுப்பில் வந்து பேசும்படி கேட்டதும் நான்தான். உயிரியல் ரீச்சரிடம் மூன்று தரம் போய் அனுமதி வாங்கினேன். முன்வரிசையில் இருந்தேன். நீ எனக்குப் பக்கத்தில், பாவாடை விளிம்பில் உன் ஊரான சுருவிலின் வயல் மண்ணோடு, கொப்பியின் மூலையில் ஒரு மாட்டைக் கீறிக்கொண்டிருந்தாய். இப்போது நாட்டில் மலேரியா இல்லை, ஆனால் அதைக் காவக்கூடிய புது நுளம்பு ஒன்றை நம்முடைய பக்கத்துக் கிணறுகளில் கண்டிருக்கிறார்கள், அதனால்தான் சுகாதாரப் பகுதியார் கிணறுகளில் மீன் விடுகிறார்கள் என்று அக்கா சொன்னார். நீ என் காதுக்குள், "எங்கட கிணத்து மீனுக்கு அம்மா பேர் வைச்சிட்டா. இனி அதைப் பொரிக்கவும் ஏலாது" என்றாய். நான் உன்னை நுள்ளினேன்.

ஒட்டுண்ணி ஈரலுக்குள் போவதும், பிறகு செங்குழியத்துக்குள் புகுந்து அதைத் தின்று பெருகுவதும் எனக்கு மனப்பாடம். அக்கா ஒவ்வொரு படியையும் சொல்ல முன்னமே நான் தலையாட்டினேன். அவர் என்னைக் கவனிக்கவேண்டும் என்றுதான். பிறகு எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னார். அந்த ஒட்டுண்ணியின் உடலுக்குள் ஒரு சின்னப் பை இருக்கிறது. எத்தனையோ கோடி ஆண்டுகளுக்கு முன்பு அது தனியே வாழ்ந்த ஒரு பாசி. வெயிலில் உணவு சமைக்கிற வேலையை அது மறந்துவிட்டது. ஆனால் அது இல்லாமல் ஒட்டுண்ணியால் உயிர்வாழ முடியாது. மனித உடலில் அப்படி ஒன்று கிடையாது. ஆகவே அந்தப் பையை மட்டும் குறிவைக்கிற மருந்தொன்றைக் கண்டுபிடித்தால் ஒட்டுண்ணி சாகும், மனிதருக்கு ஒன்றும் ஆகாது. அந்த இலக்கைத் தேடுவதுதான் தன்னுடைய ஆய்வு என்றார்.

அப்போதுதான் நீ மாட்டை விட்டுவிட்டுத் தலை நிமிர்ந்தாய். "எந்த மருந்து அக்கா? வயலுக்கு அடிக்கிறதோ?"

வகுப்பு முழுவதும் சிரித்தது. எல்லோரையும் விடப் பெரிதாகச் சிரித்தது நான். "இது குளிசை மருந்தடி, புல்லுக்கு அடிக்கிற மருந்தில்லை" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். நீ உன் மாட்டைப் பார்த்துக்கொண்டு நீயும் சிரித்தாய்.

அக்கா சிரிக்கவில்லை. வெண்கட்டியை மேசையில் வைத்தார். "பிள்ளை, நீர் கேட்டதைத் திரும்ப ஒருக்காக் கேளும்."

நீ கேட்டாய். இந்த முறை மெதுவாக. பாசியும் தாவரம் மாதிரித்தான் என்றால், புல்லைச் சாகடிக்கிற மருந்து அதையும் சாகடிக்காதோ என்று. அந்தக் கேள்விக்கு வந்துசேரத் தனக்கு மூன்று வருடம் எடுத்தது என்றார் அக்கா. புல்லுக்கு அடிக்கிற மருந்துகளை உண்மையாகவே அந்த ஒட்டுண்ணியில் போட்டுப் பார்த்திருக்கிறார்களாம்.

அன்றைக்கு எனக்குக் குத்தியது அந்தக் கேள்விகூட இல்லை. 'நீர்' என்ற சொல். பிறந்ததிலிருந்து அக்கா என்னைக் கூப்பிடுவது 'நீ' என்றுதான். பக்கத்து வீட்டுச் சின்னப் பிள்ளை நான். உன்னை அவர் ஒரு பெரிய ஆளோடு கதைப்பது போலக் கதைத்தார்.

அடுத்த நாள் அக்கா ஒட்டாத உறை ஒன்றைத் தந்து உன்னிடம் கொடுக்கச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் எடுத்து வாசித்தேன். நீ கேட்டது பிழையான கேள்வி இல்லை என்றும், அந்த மருந்து புல்லில் எதைப் போய்ப் பிடிக்கிறது என்று அறிந்தால் ஒட்டுண்ணியில் எதைப் பிடிக்கலாம் என்று தேடலாம் என்றும் எழுதியிருந்தார். சனிக்கிழமை வீட்டுக்கு வாரும், இன்னும் கேள்வி இருந்தால் கொண்டுவாரும் என்று முடித்திருந்தார். ஒரு பக்கக் கடிதத்துக்குள் ஐந்து 'நீர்'.

நாளைக்குக் கொடுக்கலாம் என்று வைத்தேன். அடுத்த நாளும் அதையே நினைத்தேன். சனிக்கிழமை நான் போனேன். பதினொரு கேள்விகளை மணியான எழுத்தில் எழுதிக்கொண்டு போனேன். அக்கா பொறுமையாகப் பதில் சொன்னார். எல்லாவற்றுக்கும் பாடப்புத்தகத்திலேயே விடை இருந்தது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாலாவது கேள்வியில் அவர் வாசல் படலையைப் பார்த்தார்.

"மற்றப் பிள்ளை வரேல்லையே? கடிதம் குடுத்தனியெல்லே?"

"ஓம்" என்றேன். அவ்வளவுதான். அதைச் சொல்ல ஒரு மூச்சுக்கூட எடுக்கவில்லை.

அக்கா திரும்பிப் போய்விட்டார். மழை தொடங்கியது. மார்கழியில் வயலில் தண்ணீர் நின்றது. உனக்குக் காய்ச்சல் என்று மூன்று நாள் பள்ளிக்கூடம் வரவில்லை. எலிக்காய்ச்சல் என்று பிறகு சொன்னார்கள். யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனார்கள். அம்மாவோடு உன்னைப் பார்க்க வந்தபோது கடிதம் என் பையில் இருந்தது. அன்றைக்குக் கொடுத்துவிடுவது என்று தீர்மானித்திருந்தேன், நீ நம்பினாலும் நம்பாவிட்டாலும். உன் அம்மாவைத் தவிர ஒருவரும் உள்ளே போக ஏலாது என்றார்கள். அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை இன்றுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் நீ இல்லை.

இந்த நன்றிப் பக்கம் வந்தபோது, அந்த ஒற்றை 'ஓம்'தான் அரை வரியாக அச்சுக்குப் போகிறது என்று நினைத்தேன். தப்பிக்க ஒரு வழி பார்த்தேன். என் பெயர் தேவையில்லை அக்கா, நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை என்று எழுதினேன். அடக்கமென்று நினைத்துவிட்டார். குரல் பதிவு ஒன்று வந்தது.

"விசர்க்கதை கதையாதை. நான் வெளிக்கிட்ட அண்டைக்கு சுருவிலில அவ பஸ் ஏறினவ. கடிதம் கிடைச்சும் ஏன் வரேல்லை எண்டு கேட்டனான். கொஞ்ச நேரம் என்னைப் பாத்துக்கொண்டு நிண்டவ. பிறகு, 'ஓம் அக்கா, அவள் அண்டைக்கே தந்தவள். வீட்டில விதைப்பு, வர ஏலாமல் போட்டுது' எண்டவ. யாழ்ப்பாணம் வரைக்கும் பக்கத்தில இருந்து கேள்வி கேட்டே என்னைக் களைக்கப் பண்ணினவ."

திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாய். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் உனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கடிதமொன்று இருந்தது, அது என்னிடம் நின்றுவிட்டது, நான் பொய் சொல்லியிருக்கிறேன். பஸ் புறப்பட முன் நீயும் ஒரு பொய் சொல்லி என் பொய்யை மூடிவிட்டாய்.

உனக்குச் சொல்வதற்கென்ன, அதற்குப் பிறகும் பொறாமைதான் வந்தது. நான் ஒரு சனிக்கிழமையைக் களவெடுத்தேன். உனக்கு ஒரு முழுப் பஸ் பயணம் கிடைத்தது. பக்கத்துப் பக்கத்து இருக்கையில். நீ என்னென்ன கேட்டாய் என்று எனக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை.

ஆனால் ஒன்று விளங்கியது. அக்கா போன அடுத்த கிழமை இடைவேளையில் என் பணிஸில் பாதியைத் தின்றுகொண்டே நீ கேட்டாய்: "எனக்குத் தர உன்னட்டை ஒண்டும் இல்லையோ?"

"கொப்பியோ?" என்றேன். செய்முறைக் கொப்பியில் உனக்கு எப்போதும் படங்கள் பாக்கி.

நீ என் முகத்தைப் பார்த்தாய். பிறகு, "ஓம், கொப்பிதான்" என்றாய். வாங்கி, என் படத்தைப் பார்த்துக் கீறி, அதிலும் இரண்டு பாகங்களின் பெயரை மாற்றிக் குறித்துவிட்டுத் தந்தாய். மார்கழி வரைக்கும் ஒவ்வொரு நாளும் என் பக்கத்தில்தான் இருந்தாய். வேறொன்றும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை முழுவதும் யோசித்தேன். பேசாமல் இருந்தால் உன் பொய் என்னைக் காப்பாற்றும். நீ எனக்காகச் செய்த கடைசிக் காரியத்தை நானே உடைப்பதா என்றும் இருந்தது. இன்னொன்றும் இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்: உன்னுடைய நல்ல குணத்தின் கீழே ஒளிந்துகொண்டு ஆயுள் முழுவதும் இருக்க என்னால் ஏலாது. உண்மையைச் சொன்னதில் பாதி அந்த ரோசம்தான். "அக்கா, அந்தக் கடிதத்தை நான் குடுக்கேல்லை. அவள் எனக்காகப் பொய் சொன்னவள். என்ர பேரை எடுத்துவிடுங்கோ" என்று எழுதி அனுப்பினேன்.

வெள்ளி காலையில் புதுப் பக்கம் வந்தது. அரை வரி இல்லை. உன் நான்கு வரியும் அப்படியே இருந்தன. கீழே: "கடிதம் உம்மட்டை இருந்தால் அவவின்ர அம்மாட்டைக் குடும்."

நான் இத்தனை நாள் ஆசைப்பட்ட 'நீர்' இப்படித்தான் எனக்குக் கிடைத்தது.

இன்று காலை சுருவிலுக்குப் போனேன். உன் அம்மா முற்றத்தில் விதைநெல்லைக் காயப்போட்டுக்கொண்டிருந்தா. கடிதத்தை நீட்டினேன். கண்ணாடி இல்லை, வாசியும் பிள்ளை என்றா. நின்றுகொண்டே வாசித்தேன். வாசித்து முடித்துவிட்டு, "இதை நான் அவளுக்குக் குடுக்கேல்லை, அன்ரி" என்றேன்.

அவ நெல்லைக் காலால் துழாவிப் பரவினா. ஒரு வரிசை முடிந்து திரும்பி வரும்போதுதான் சொன்னா: "குடுத்திருந்தால் ஓடிப் போயிருப்பாள்."

உறையை அவவின் கையில் கொடுத்தேன். அவ அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டா. பிறகு, ஏதோ நேற்று நடந்ததைப் போலச் சொன்னா: "இதைத்தான் என்னட்டையும் கேட்டுக்கொண்டு திரிஞ்சவள். மருந்தடிச்சால் புல்லுச் சாகுது, அதுக்குள்ள நிக்கிற நெல்லு ஏனம்மா சாகேல்லை எண்டு. ரெண்டு மூண்டு வருசமாக் கேட்டவள். எனக்கென்ன தெரியும், உன்ர அப்பரைக் கேள் எண்டு விட்டிட்டன். உமக்குத் தெரியுமோ பிள்ளை?"

"தெரியாது, அன்ரி."

பஸ்ஸில் திரும்பி வரும்போது ஒன்று என்னைவிட்டுப் போய்விட்டது தெரிந்தது. இவ்வளவு நாளும் என்னை நானே தேற்றிக்கொண்டிருந்தது என்னவென்றால், நீ அன்றைக்குக் கவனிக்காமல் இருந்தாய், மருந்து என்ற சொல்லைப் பிழையாக விளங்கிக்கொண்டாய், அது தற்செயலாகச் சரியாகிவிட்டது என்பதுதான். அப்படி இல்லை. புல்லில் இருப்பது நெல்லில் இல்லையா, ஒட்டுண்ணியில் இருப்பது மனிதரில் இல்லையா என்பது ஒரே கேள்வி. அக்கா ஆய்வுகூடத்தில் தேடியதை நீ வயல் வரம்பில் நின்று ஏற்கனவே தேடிக்கொண்டிருந்தாய். எனக்கு அப்படி ஒரு கேள்வி இதுவரை வந்ததில்லை.

பாடப்புத்தகத்தில் தேடிப் பார்த்தேன். இல்லை. திங்கட்கிழமை ரீச்சரிடம் கேட்கப்போகிறேன், அவருக்கும் தெரியாவிட்டால் விவசாயக் கந்தோருக்குப் போய்க் கேட்பேன், அக்கா என்றைக்காவது என்னோடு மறுபடியும் கதைத்தால் அவரிடமும் கேட்பேன். இப்போதைக்கு ஒரு புதுக் கொப்பி எடுத்து, முதல் பக்கத்தில் அந்தக் கேள்வியை நீ கேட்டபடியே எழுதி, கீழே உன் பெயரைப் போட்டிருக்கிறேன். அந்த இடத்தில் என் பெயரைப் போட எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்பதை உனக்கு மட்டும்தான் சொல்லமுடியும்.